புகாருக்குக் காத்திருக்கும் சட்டம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு இல்லை என்றால், தொழிலாளி ஒருவரின் விரல் போய், அவர் மருத்துவமனைச் சீட்டோடு வந்து புகார் எழுதித் தரட்டும் என்று சட்டம் காத்திருப்பதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி யாரும் கூப்பிடாமலே உள்ளே போகலாம். இயந்திரத்தைப் பார்க்கலாம், பதிவேட்டைக் கேட்கலாம், குறை இருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். அதே ஆலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்பினாலோ, ஆலைக்கு எதிரே இருக்கும் லைன் வீட்டில் சாதி கேட்டு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட மறுத்தாலோ, அரசாங்கத்தின் எந்தக் கையும் தானாக நீளாது. திருப்பி அனுப்பப்பட்டவரே காவல் நிலையப் படியேறி, தனக்கு நடந்தது குற்றம்தான் என்று நிறுவ வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் நின்று வழக்காடும் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை; தேடிப் போய்ப் பார்க்கும் பொறுப்பை அரசு ஏற்காததால் அந்தச் சட்டம் தொழிற்பேட்டைக்குள் இன்னும் காலடி வைக்கவில்லை.

பஞ்சமில்லை என்பதை முதலில் காட்டிவிடலாம். பொதுச்சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் பொதுக் கட்டடத்திலும் எல்லாரும் புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஓசூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தீர்மானம் இங்கும் செல்லும். 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் ஒன்றும் சென்னை மாகாணத்தில் வந்தது. பிறகு அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1976 நவம்பரில் தண்டனை கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது; அதன் விதிகள் 1995-இல் வந்தன; 2016 ஜனவரி 26 முதல் விரிவான திருத்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு நூற்றாண்டாக எழுதிச் சேர்த்த ஏடுகள் இவை.

இவற்றில் 1955 சட்டத்தின் 4-ஆம் பிரிவை இந்தத் தொழிற்பேட்டையில் நின்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கடை, உணவகம், நீர்நிலை என்று பழகிய இடங்களைச் சொல்லிக்கொண்டே வரும் அந்தப் பிரிவு, எந்த வேலையிலும் அமர்வதற்குத் தீண்டாமையின் பேரால் தடை போடுவதையும், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதற்கோ வாங்குவதற்கோ குடியிருப்பதற்கோ தடை போடுவதையும் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது எதிராளியின் பாடு என்கிறது 12-ஆம் பிரிவு. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகை ஒன்றே அந்தப் பிரிவு யார் கவனத்திலும் இல்லாமல் கிடக்கிறது என்பதற்குப் போதுமான சாட்சி. வேலைக்குத் தடை போடுவதை 2016 திருத்தம் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவிலும் சேர்த்து, ஐந்தாண்டு வரை சிறை என்று ஆக்கியிருக்கிறது. ஆக, வேலையும் வீடும் சட்டத்துக்குத் தெரியாத விஷயங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவாவது அரிதிலும் அரிது. ஏன் என்பதுதான் கேள்வி.

ஒரு மனு போகும் வழியைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். நிலையத்தில் மனு கொடுத்தவுடன் கைக்கு வருவது பெரும்பாலும், மனு வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொன்ன பிறகும், "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிடலாம்" என்பதே முதல் பேச்சு. பேச்சு முறிந்து வழக்கு பதிவானால், அதே நாளில் எதிர்த்தரப்பிடமும் ஒரு மனு வாங்கி எதிர் வழக்கு போடுவது வழக்கமாகிவிட்டது. பிறகு சாதிச் சான்று. பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமா, எதிரிகள் ஒவ்வொருவரும் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்பதற்கும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்று வர வேண்டும். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தீருதவித் தொகையின் முதல் தவணை ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் இயன்றவரை விசாரணை முடிய வேண்டும். எழுத்தில் எல்லாவற்றுக்கும் நாள் குறித்திருக்கிறது. சாட்சிக்கு அன்றைய கூலியும் பயணப்படியும் அரசு தர வேண்டும் என்று 11-ஆம் விதி கூறுகிறது. அப்படி ஒன்று இருப்பது சாட்சிக்கும் தெரியாது, கொடுக்க வேண்டியவருக்கும் பல சமயம் நினைவிருக்காது. ஷிப்டு வேலைக்காரர் இரண்டு வாய்தாவுக்குப் போனால் காண்ட்ராக்டர் மூன்றாவது முறை வேலைக்குக் கூப்பிட மாட்டார். சாட்சி பிறழ்வது என்று நாம் சொல்வது பாதி நேரம் வயிற்றுப்பாட்டின் கணக்கு.

மறுபாதி விடை, அந்த மனு எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் வன்கொடுமை மனுக்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார். நடந்தது நிலத் தகராறாக இருக்கலாம், சம்பள பாக்கியாக இருக்கலாம், வீட்டைக் காலி செய்யச் சொன்னதாக இருக்கலாம். காகிதத்துக்கு வரும்போது எல்லாம் இந்த அச்சில் வார்க்கப்பட்டுவிடும். இதற்குக் காவல் நிலைய ரைட்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வழக்கறிஞர்களும் இப்படித்தான் எழுதுகிறோம். வசைக்குச் சாட்சி கிடைக்கும், வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று போட்டுவிட்டால் வழக்கு நிற்கும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்த இரண்டு பிரிவுகளுக்கும் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது அதில் அடங்காது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறிவிட்டது. தொழிற்பேட்டையின் பாகுபாடு எப்போதும் நான்கு சுவருக்குள், வசையே இல்லாமல், மிகுந்த மரியாதையோடு நடப்பது. "பிராசஸ் போயிட்டிருக்கு, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். "வீடு நேத்துதான் வேற ஆளுக்குப் பேசிட்டோம்" என்பார்கள். இதில் எந்த வார்த்தையை எடுத்து எந்தப் பிரிவில் வைப்பது?

இங்கேதான் என் வாதத்தின் ஆணிவேர் இருக்கிறது. அடி, வசை, தீவைப்பு ஆகியவை நிகழ்ச்சிகள். அவற்றுக்கு நாள், நேரம், இடம், சாட்சி உண்டு. வேலையிலும் வீட்டிலும் நடக்கும் பாகுபாடு ஒரு போக்கு. திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்குத் தான் திருப்பி அனுப்பப்பட்டது மட்டுமே தெரியும். தனக்குப் பின்னால் வந்தவருக்கு அதே வேலை கிடைத்ததா, அவருடைய தகுதி என்ன, முந்தின ஆறு மாதத்தில் தன் தெருவிலிருந்து எத்தனை பேர் இதே பதிலோடு திரும்பினார்கள் என்பது தெரியாது. மொத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கே போக்கு தெரியும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்து காட்டியது. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு, தகுதி ஒரே மாதிரியும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருள்ள விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால் தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அந்த விண்ணப்பதாரர்களில் யாரையும் யாரும் திட்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு விண்ணப்பத்தில்கூடக் குற்றம் தெரியாது. சேர்த்து எண்ணினால் தப்பவே முடியாது. அப்படி எண்ணுவதற்கான பதிவேடுகள் நிறுவனத்திடம் இருக்கின்றன. கேட்டு வாங்கும் அதிகாரம் அரசிடம் மட்டுமே இருக்க முடியும். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து, ஆதாரம் கொண்டு வா என்று கேட்கும் முறை, அவரிடம் இருக்கவே முடியாத ஒன்றைக் கேட்கிறது.

ஓசூரின் நிலவரத்தை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் சிப்காட் வந்து, அதன் பின்னால் வண்டி, லாரி, கைக்கடிகார ஆலைகள் வந்தபோது நிரந்தரத் தொழிலாளி என்றொரு வர்க்கம் உருவானது. இன்று கேட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பகுதி காண்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சியாளர்கள். ஆலை மேன்பவர் ஏஜென்சியிடம் சொல்கிறது, ஏஜென்சி மேஸ்திரியிடம் சொல்கிறது, மேஸ்திரி தன் ஊரிலும் தன் சாதியிலும் ஆள் திரட்டுகிறார். மெஷினுக்கு ஒரு வகை ஆட்கள், கழிவறைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வேறு வகை ஆட்கள் என்று பிரிவது இந்த அடுக்கில் எங்கோ நடக்கிறது. ஆனால் ஆலை மேலாளர் கையெழுத்திட்ட எந்தக் காகிதத்திலும் சாதி என்ற சொல் இருக்காது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் இல்லை என்பதால் வேறு வழியில் விசாரிப்பார்கள். சொந்த ஊர் எது, ஊருக்குள்ளயா காலனியா, குலதெய்வம் எது, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்று சுற்றி வளைத்து, கடைசியில் நேராகவே "நீங்க என்ன ஆளுங்க?" என்று முடியும் அந்த விசாரணை வாடகை வீடு தேடும் எல்லாருக்கும் பழக்கம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் கலந்து புழங்கும் ஊர் இது. மொழி தெரியாதவர்கூட இந்த ஒரு கேள்வியை எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துகொள்வார். வாடகைதாரர் உறவை ஒழுங்குபடுத்த 2017-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றி 2019 முதல் நடத்தியும் வருகிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது முதல் அட்வான்ஸ் வரை அதில் இருக்கிறது, சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆலைதான் சாதியைக் கரைக்கிறது, கிராமத்தில் தனிக் குவளை கண்டவன் கேன்டீனில் ஒரே வரிசையில் ஒரே தட்டில் சாப்பிடுகிறான், இந்த நல்லதைச் சட்டத்தால் கலைத்துவிடாதீர்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் சீருடையும் அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு ஷிப்டு பஸ்ஸில் ஏறுவது, பண்ணையார் வீட்டுக் களத்திலிருந்து கிடைத்த விடுதலைதான். ஆனால் கேன்டீன் எப்படி ஒரே வரிசையானது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது, அதிகாரி வந்து பார்த்தார், ஆகவே எல்லாருக்கும் ஒரே கேன்டீன் வந்தது. ஆலை தானாகச் சாதியைக் கரைத்த இடங்கள் குறைவு. அரசின் கண் பட்ட இடத்தில் கரைந்திருக்கிறது, கண் படாத இடத்தில், அதாவது ஆள் எடுப்பதிலும் குடியிருப்பிலும், அப்படியே இருக்கிறது. இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

எல்லைப் பகுதி என்பதால் இங்கே சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. குடியிருப்பது தமிழ்நாட்டில், வேலை கர்நாடகத்தில், ஏஜென்சியின் அலுவலகம் பெங்களூருவில் என்பது இங்கே சாதாரணம். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போவி, லம்பாணி மக்கள் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். இந்தப் பக்கம் போயர், லம்பாடி என்று அறியப்படும் அவர்களுடைய உறவினர்கள் தமிழ்நாட்டின் பட்டியலில் இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பழங்குடிப் பெண்ணின் சமூகம் நம் பட்டியலில் இருக்காது. சலுகை சொந்த மாநிலத்தோடு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னதை, பாதுகாப்பும் சொந்த மாநிலத்தோடு நின்றுவிடும் என்று காவல் நிலையங்கள் நீட்டிக்கொண்டன. வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே போகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டி வாதாடலாம். எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. எல்லையைக் காட்டி மனுவைத் திருப்பி அனுப்ப இனிச் சட்டத்தில் இடமில்லை.

எல்லை எவ்வளவு எளிதாகக் குற்றத்துக்கு உதவும் என்பதற்கு 2018 நவம்பரே சாட்சி. சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும், சாதி மறுத்து அவரை மணந்த பெண்ணும் ஓசூரில் குடியிருந்தார்கள். இங்கிருந்து கடத்தப்பட்ட இருவரின் உடல்களும் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் பகுதியில் காவிரியிலிருந்து எடுக்கப்பட்டன. இளைஞரின் உடல் யாருடையது என்று கர்நாடகக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுத்தது, அவர் அணிந்திருந்த டி-சர்ட்டில் இருந்த அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும். இரண்டு மாநிலக் காவல்துறைகளுக்கும் நடுவே இறந்தவரின் சட்டைதான் தகவல் தொடர்பாக இருந்தது. சாதி மறுத்து மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இலும், பாதுகாப்பு இல்லம் உட்பட விரிவான வழிமுறைகளை உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சிலும் கூறியிருந்தன. ஆணைகள் காகிதத்தில் இருந்தன; அபாயத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே தேடிக் கண்டறியும் கடமை யாருடைய மேசையிலும் இல்லை. சாதி ஆணவக் கொலைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கலாம். ஆனால் அந்தச் சட்டமும் புகாருக்குக் காத்திருக்கும் சட்டமாக வந்தால், இந்தப் பட்டியலில் இன்னொரு ஏடாகச் சேரும், அவ்வளவுதான்.

தேடிப்போய்ப் பார்ப்பது நம் அரசுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற 1976-இன் சம ஊதியச் சட்டம், ஆள் எடுப்பதிலும் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்றது. முதலாளி பதிவேடு வைக்க வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்றது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் அந்தச் சட்டத்தைக் காட்டித் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் காவல் நிலையம் போக வேண்டிய தேவை எழவில்லை. அந்தச் சட்டத்தின் சாரம் 2025 நவம்பர் 21 முதல் அமலான ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் இருக்கிறது. பாலினப் பாகுபாடு அதில் உண்டு, சாதி இல்லை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு உள்ளகக் குழு வேண்டும், ஆண்டறிக்கை மாவட்ட அலுவலருக்குப் போக வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும் என்று 2016 சட்டம் தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. பெண், மாற்றுத்திறனாளி, திருநர் என்று ஒவ்வொருவருக்கும் தனியார் ஆலையின் வாசலைத் தாண்டிச் சட்டம் வந்திருக்கிறது. சாதி மட்டும் இன்னும் காவல் நிலைய விவகாரமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

கடல் கடந்தும் பார்க்கலாம். சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததாக 2020-இல் வழக்குத் தொடுத்தது அந்தப் பொறியாளர் இல்லை. கலிபோர்னியா மாநில அரசின் துறை. 2023-இல் இரண்டு மேற்பார்வையாளர்கள் மீதான வழக்கை அத்துறையே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும் முறையைக் கவனிக்க வேண்டும்: வாதி அரசு, செலவு அரசினுடையது, ஆவணங்களைக் கேட்டு வாங்கும் வலு அரசினுடையது. அமெரிக்காவில் வாடகை வீட்டுப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்க, ஒரே வருமானமும் வெவ்வேறு இனமும் உள்ள இருவரை அடுத்தடுத்து ஒரே வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனை முறை நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. 1982-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே அப்படிச் சோதனைக்குப் போனவர் வழக்குத் தொடுக்கலாம் என்று ஏற்றது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கர்நாடகத்தில் குடிமை உரிமைகளை அமல்படுத்தவென்றே 1974 முதல் தனி இயக்ககம் இருக்கிறது. 2025-இல் அதற்கு 33 தனிக் காவல் நிலையங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு வழக்குகளைக் கண்காணிக்கிறது. பதிவதும் விசாரிப்பதும் பெரும்பாலும் உள்ளூர்க் காவல்துறையின் கையில். சமூகநீதியில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் நாம் இந்த விஷயத்தில் பக்கத்து மாநிலத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

பொய் வழக்கு பெருகும் என்பது அடுத்த மறுப்பு. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தக் கவலையோடு வன்கொடுமைச் சட்டத்தின் கீழான கைதுக்குக் கட்டுப்பாடு விதித்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவால் அதை மாற்றியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமும் தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தமும் செல்லும் என்றானது. வழக்குகள் பெரும்பாலும் விடுதலையில் முடிவதைக் காட்டிப் பொய் என்பவர்கள், எதிர் வழக்கையும் சமரசத்தையும் பிறழ்சாட்சியையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் என் பதில் வேறு. பொய் வழக்குக்கு அஞ்சுபவர்களே ஆய்வு முறையை முதலில் கேட்க வேண்டும். ஆய்வில் கைது கிடையாது, முன்ஜாமீன் பிரச்சினை கிடையாது, ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்ற நிலை கிடையாது. பதிவேடு பேசும். குறை இருந்தால் நோட்டீஸ், திருத்த அவகாசம், திருந்தாவிட்டால்தான் வழக்கு. தனிப்பகையைத் தீர்க்க இதைப் பயன்படுத்த எவராலும் முடியாது.

கடைசி மறுப்பு, இந்த ஊரின் நிரந்தரப் பூச்சாண்டி: கெடுபிடி செய்தால் ஆலைகள் அத்திப்பள்ளிக்கோ ஆந்திராவுக்கோ போய்விடும். நான் மேலே சொன்ன சட்டங்களில் பெரும்பாலானவை நாடாளுமன்றம் இயற்றியவை. அத்திப்பள்ளியிலும் ஆந்திராவிலும் அவை செல்லும். ஏற்றுமதி செய்யும் ஆலைகள் வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் தணிக்கையாளருக்கு வருகைப் பதிவேடு முதல் விடுதி அறை வரை திறந்துகாட்டுகின்றன. அப்படிக் காட்டியதால் எந்த ஆலையும் ஓடிப்போகவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டும் ஏட்டை இந்நாட்டு அரசுக்குக் காட்ட மறுப்பதற்கு என்ன நியாயம்? மேலும், சிப்காட் நிலம் பொது நிலம். குத்தகை விலையில் தருவதும், சாலை, தண்ணீர், மின்சாரம் போட்டுக் கொடுப்பதும், மூலதன மானியம் தருவதும் மக்கள் பணம். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் காத்து நிற்கும் மாநிலம், தான் கொடுத்த நிலத்தில் யாருக்கு வேலை கிடைக்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருப்பது முரண்.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. தீண்டாமை நிலவும் இடங்களை அவ்வப்போது ஆய்வு செய்து கண்டறிவதை அரசின் கடமையாகக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு வைத்திருக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் அதே வழியில் பேசுகிறது. இதுவரை அந்த ஆய்வு கிராமத்தையே பார்த்தது. அடுத்த ஆய்வு ஓசூரின் லைன் வீடுகளையும் விடுதிகளையும் மேன்பவர் ஏஜென்சிகளையும் பார்க்கட்டும். சிப்காட் ஒதுக்கீட்டு ஆணையிலும் மானிய ஒப்பந்தத்திலும், ஆள் எடுப்பில் சமவாய்ப்புப் பதிவேடு வைக்க வேண்டும், காண்ட்ராக்டரும் அதில் அடங்குவார் என்று ஒரு நிபந்தனை சேரட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வாடகைச் சட்டத்தில் சாதி, மதம் கேட்டு வீடு மறுக்கக் கூடாது என்ற பிரிவைச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-ஆம் விதி. அந்தக் கூட்டத்தில் இன்று பேசப்படுவது, எத்தனை வழக்கு பதிவு, எத்தனை பேருக்குத் தீருதவி என்ற கணக்கு. வேலையும் வீடும் அந்த நிகழ்ச்சி நிரலில் ஏறட்டும். தொழிலாளர் துறை அதிகாரியும் சிப்காட் அதிகாரியும் அங்கே வந்து பதில் சொல்லட்டும். குழுவின் உறுப்பினர்களாக இருக்கும் மக்கள் பிரதிநிதிகளும் தொண்டு நிறுவனத்தினரும் இதை எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்டால் பதிவாகும், பதிவானால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.